இரண்டு விரல் இடைவெளி

அத்தியாயம் 7

கதவு சாத்திய சத்தம் கேட்டபோது செங்கொடி அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் நசுங்கிய முன்பக்கத்தை செல்போன் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து, மேடம்," என்றான் அவளுடைய உதவியாளன் அத்தாவுல்லா.

அடுத்து வெளியே இரும்புக் கம்பி உருளும் சத்தம். ஒரு கம்பி. இன்னொரு கம்பி. கடைசியாக ஒரு சின்ன 'க்ளிக்'.

"காத்து பூட்டு கூடப் போடுமா பாய்?"

அத்தாவுல்லா ஓடிப்போய் கதவில் தோளைக் கொடுத்து இடித்தான். இருபதடி கண்டெய்னரின் கதவு அசைந்து கொடுக்கவில்லை. அவன் கத்தினான். செங்கொடியும் கத்தினாள். உள்ளே சுற்றிய குரல் அவர்கள் காதுக்கே திரும்பி வந்தது. செல்போனில் சிக்னல் என்ற இடத்தில் ஒரு குறுக்குக் கோடு.

அப்போதுதான் தரை மேலே எழும்பியது. அத்தாவுல்லா தொப்பென்று உட்கார்ந்தான்.

"மேடம், நம்மள பார்சல் கட்டிட்டானுங்க."

கண்டெய்னர் அந்தரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி, 'டங்'கென்று எதன் மேலோ இறங்கியது. கீழே டீசல் இன்ஜின் அதிர ஆரம்பித்தது. டிரைலர் லாரி. வண்டி நகர்ந்தது.

காலை மணி பதினொன்று. செங்கொடிக்கு நாற்பத்திரண்டு வயது. துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துக் கார்களைப் பார்த்துப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவள். இரும்புப் பெட்டி வெயிலில் எப்படிக் காயும் என்று அவளுக்குத் தெரியும். அதை அத்தாவுல்லாவிடம் சொல்லவில்லை.

"தண்ணி எவ்ளோ இருக்கு?"

"அரை பாட்டில். ரெண்டு பேருக்கு அரை பாட்டில்னா, நான் குண்டா கீறதால..."

"மூடி வைங்க பாய்."

பத்து நாளுக்கு முன்னால் காலை ஆறரை மணிக்கு இந்தக் கார் எண்ணூர் கடற்கரைச் சாலையின் வளைவில், கடல் அரிப்பைத் தடுக்கப் போட்டிருந்த கருங்கற்களில் மோதி நின்றது. ஓட்டி வந்த நிதிஷ் அங்கேயே இறந்துபோனான். இருபத்தொன்பது வயது. முகத்துவாரக்குப்பத்துப் பையன். மணலி புதுநகர் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். டீக்கடையில் நின்றிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: 'வளைவு வந்ததும் இன்ஜின் உறுமிச்சு. பாறையைப் பார்த்து ஸ்பீடு ஏத்தினான்.'

பிரேக் வேலை செய்கிறது என்று சோதனையில் எழுதி, காரைச் சொந்தக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சொந்தக்காரன் பெயர் ரெஜி. அந்த யார்டின் முதலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் டிராக்கில் கார் ஓட்டுகிறவன். இன்ஸ்பெக்டர் ரஹீமுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ரெஜியைக் கூப்பிட்டு இரண்டு தடவை விசாரித்தார். மறுநாளே ரெஜி ராயபுரத்தில் இருக்கும் செங்கொடியின் ஆபீசுக்கு வந்துவிட்டான்.

"என்னைக் கொல்லப் போட்ட திட்டம் மேடம்," என்றான். "அன்னிக்கு நான் ஓட்டியிருக்க வேண்டிய கார். தலைவலியா இருந்ததால, நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்த நிதிஷ்கிட்ட சாவியைக் குடுத்து காரை என் வீட்டுல விடச் சொன்னேன். டென்னிஸ்தான் பெடல்ல ஏதோ பண்ணியிருக்கான். ஆதாரத்தைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

டென்னிஸ் திருவொற்றியூரில் ரேஸ் கார்களுக்கு ஷெட் வைத்திருப்பவன். விபத்துக்கு ஒரு வாரம் முன்னால்தான் ரெஜி அவனோடு சண்டை போட்டு உறவை முறித்திருந்தான். செங்கொடி டென்னிஸைப் பார்த்தாள். அவன் ஒரே வார்த்தையில் நின்றான்: "பெடல்ல தகடு வெச்சது நான்தான். ரெண்டு விரல் இடைவெளி விட்டு வெச்சேன். அதுக்கப்புறம் தொடல."

அதனால் இன்று காலை எட்டரைக்கு செங்கொடி ரெஜிக்கு போன் செய்தாள். காரைப் பார்க்க வேண்டும், முக்கியமாகப் பெடலை. அவன் தாராளமாகச் சொன்னான்: "யார்டுல கண்டெய்னர்ல வெச்சிருக்கேன். செக்யூரிட்டிகிட்ட சொல்லிடறேன். பதினோரு மணிக்குப் போங்க."

வாசலில் செக்யூரிட்டி இருவரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, இரும்பு முனை வைத்த பாதுகாப்பு பூட்ஸை மாட்டிவிட்டார். யார்டு சட்டம். இப்போது அந்த பூட்ஸ் கால்களோடு இருவரும் இருட்டில் நின்றார்கள்.

"டென்னிஸோட ஆளுங்க யார்டுல கீறானுங்க போல," என்றான் அத்தாவுல்லா. "நம்ம வந்ததப் பாத்து மூடிட்டானுங்க."

"இருக்கலாம். ஹாரன் அடிக்கலாமா?"

அவன் நசுங்கிய பானெட்டின் இடுக்கில் கையை விட்டுத் துழாவினான். "பேட்டரிய கழட்டிட்டானுங்க. கப்பல்ல ஏத்தற காருக்கு அப்டித்தான் பண்ணுவாங்கோ."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

கப்பலில் ஏறினால் இந்தப் பெட்டியை அடுத்து யார் திறப்பார்கள், எந்த ஊரில் திறப்பார்கள், எத்தனை நாள் கழித்து? செங்கொடியின் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சுவரில் கை வைத்தாள், சுட்டது. மேல் மூலையில் காற்றுப் போக நாலைந்து ஓட்டைகள், ஊசி ஊசியாய் வெளிச்சம். அவ்வளவுதான் வெளியுலகம். மூச்சு வாங்குவது தனக்கா அத்தாவுல்லாவுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பயத்தை அடக்க ஒரு வேலை வேண்டும்.

"வந்த வேலையைப் பார்ப்போம் பாய். டிரைவர் சீட்டுல ஏறுங்க."

"சாவறதுக்கு முன்னாடி ஸ்போர்ட்ஸ் கார்ல உக்காரணும்னு என் தலையில எழுதி கீது போல."

கார் கதவைத் திறக்கக் கண்டெய்னருக்குள் இடமில்லை. கண்ணாடி உடைந்த ஜன்னல் வழியாக அவன் தொப்பையை இழுத்துக்கொண்டு நுழைந்தான். ஸ்டியரிங்கிலிருந்து காற்றுப் போன பை தொங்கியது. செங்கொடி மறுபக்க ஜன்னலில் தலையை விட்டு, செல்போன் வெளிச்சத்தைக் கீழே அடித்தாள்.

மூன்று பெடல்கள். ஆக்ஸிலேட்டர் மேல் மட்டும் ஒரு அலுமினியத் தகடு, நாலு திருகாணி.

"இந்தத் தகடு எதுக்கு?"

பதினெட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்த அத்தாவுல்லா உற்சாகமாகிவிட்டான். "ரேஸ்ல வளைவு வரும் பாருங்க, அப்போ பிரேக் அடிக்கணும், கியரையும் கொறைக்கணும். கொறைக்கிறப்ப இன்ஜின் சுத்து பத்தலன்னா வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், டயரு வழுக்கும். அதனால இடது கால் கிளட்ச்சுல, வலது காலோட முன்பக்கம் பிரேக்குல, அதே காலோட பின்பக்கத்தால ஆக்ஸிலேட்டர ஒரு தட்டு. ஹீல் அண்ட் டோ-னு சொல்லுவாங்கோ. ஒரே கால், ரெண்டு வேலை, நம்ம ஆபீஸ் மாதிரி."

"அதுக்கு ரெண்டு பெடலும் கிட்டக்க இருக்கணும்."

"கிட்டக்கவும் இருக்கணும், ஒரே மட்டத்துலயும் இருக்கணும். பிரேக்க அழுத்தி மிதிச்சதும் அது கீழ வந்து ஆக்ஸிலேட்டருக்கு நேரா நிக்கும். அப்போதான் கால் எட்டும். அதுக்குத்தான் தகடு."

செங்கொடி வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். தகட்டின் வலது ஓரத்தில், கறுப்புப் பெடலின் மேல் ஒரு பளிச்சென்ற பட்டை தெரிந்தது. தூசி படியாத, கால் தேய்க்காத பட்டை. தகடு முன்பு அங்கே இருந்திருக்கிறது. யாரோ கழற்றி, பிரேக் பக்கமாக நகர்த்தித் திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தாள். டென்னிஸ் சொன்னது இரண்டு விரல். இங்கே ஒன்றுதான் நுழைந்தது.

"பிரேக்கை மெதுவா மிதிங்க."

மிதித்தான். பிரேக் மட்டும் இறங்கியது.

"இப்போ எதிர்ல மாடு வருது."

அத்தாவுல்லா பூட்ஸ் காலால் ஓங்கி மிதித்தான். பிரேக் இறங்கி, தகட்டின் மட்டத்துக்கு வந்தது. பூட்ஸின் அகலமான ஓரம் தகட்டைப் பிடித்தது. இரண்டு பெடலும் சேர்ந்து அடிவரை போயின.

"யம்மாடி," என்றான் அவன் சன்னமாக.

"பிரேக்குக்கு இன்ஜினை அடக்கற பலம் இருக்குமே?"

"மொத தபா இருக்கும். பயத்துல வுட்டு வுட்டு மிதிப்பான் இல்ல? ஆக்ஸிலேட்டர் தொறந்துகினு கீறப்ப ரெண்டு தபா அப்டி மிதிச்சா, மூணாவது தபா இன்ஜின் குடுக்கற ஒதவி இல்லாம பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். அழுத்த அழுத்த வண்டி பறக்கும்." அவன் பெடலிலிருந்து காலை எடுத்தான். "பாவம் மேடம் அந்தப் புள்ள. டென்னிஸ் இப்டிப் பண்ணுவான்னு நான் நெனைக்கல."

டிரைலர் நின்றது. பிறகு நாலடி நகர்ந்தது. மறுபடி நின்றது. வெளியே எங்கெங்கோ ஹாரன்கள்.

"துறைமுகத்துக்குப் போற லாரி வரிசை," என்றாள். "எவ்ளோ நேரம் நிக்கும்?"

"நல்ல நாள்ல ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள நம்ம வெந்துடுவோம்."

பாட்டிலில் ஆளுக்கு இரண்டு வாய் குடித்தார்கள். அத்தாவுல்லா ஒரு பூட்ஸைக் கழற்றி அதால் சுவரை அடித்தான். நூறு லாரிகள் உறுமுகிற சாலையில் அந்தச் சத்தத்துக்கு மதிப்பே இல்லை. இருபது அடி அடித்ததும் உட்கார்ந்துவிட்டான். அவன் ஜோக் அடிக்காமல் இருப்பது செங்கொடிக்குப் பூட்டிய கதவைவிடப் பயமாக இருந்தது.

டிரைலர் நகர்ந்தது. நின்றது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் கார், அதைத் தரையோடு கட்டியிருந்த பெல்ட்டுகளில் விறைத்து, முனகி, தளர்ந்தது. செங்கொடி அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பாய்! பெல்ட்டை அவிழ்த்துட்டு கியரை நியூட்ரல்ல போட்டா?"

"கார் ஓடும். லாரி பிரேக் அடிச்சா முன்னாடி போய் இடிக்கும், கிளம்பினா பின்னாடி வந்து..." நிறுத்தினான். முகம் மலர்ந்தது. "உள்ள லோடு ஆடுதுன்னா எந்த டிரைலர்காரனும் வண்டிய ஓட்டமாட்டான் மேடம். குடை சாஞ்சுடும்னு உயிர் பயம்!"

நாலு பெல்ட்டையும் அவிழ்த்து, இருவரும் காருக்குள் ஏறிக்கொண்டார்கள். வெளியே நின்றால் நசுங்கிவிடுவார்கள். அத்தாவுல்லா கியரைத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இறக்கினான்.

டிரைலர் கிளம்பியது. கார் பின்னால் உருண்டு கதவில் மோதியது. 'டமார்!' பல் கிடுகிடுத்தது. டிரைலர் நின்றது. கார் முன்னால் பாய்ந்து சுவரில் இடித்தது. சீட்டுக்குப் பின்னாலிருந்து ஏதோ பறந்து வந்து அத்தாவுல்லாவின் பின்மண்டையில் விழுந்தது.

"யார்ரா அது!"

செங்கொடி வெளிச்சம் அடித்தாள். ஒரு ஷூ. மெல்லிய, குறுகலான, ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடும் ஷூ.

"செருப்படி புதுசு இல்ல. ஆனா காரு அடிக்கிறது இதான் மொத தபா."

அவள் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த 'டமார்' வந்தது. அதற்கடுத்தது. ஐந்தாவது இடியில் டிரைலர் இன்ஜின் அணைந்தது. வெளியே ஒரு குரல்.

"இன்னாடா இது, உள்ள யான கீதா?"

இருவரும் கதவுக்கு ஓடிக் கத்தினார்கள்.

"யாரு... யாரு உள்ள? பேயா?"

"பேயா இருந்தா செவுத்துல பூந்து வெளிய வந்துருக்க மாட்டனா? தொற நைனா!"

"கதவுல போட்ட சீல் பூட்ட ஒடச்சா என் வேலை பூடும்யா."

"ஒடைக்கலன்னா ரெண்டு உசுரு பூடும்," என்றாள் செங்கொடி.

கொஞ்ச நேரத்தில் இரும்புக் கம்பியால் அந்த சீல் பூட்டை அடிக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வெயிலும் புழுதியும் டீசல் நாற்றமும் ஒன்றாக உள்ளே வந்தன. செங்கொடி அதை வாயைத் திறந்து குடித்தாள். எதிரே கைலி கட்டிய, நரைத்த மீசைக்காரர் ஒருவர் கம்பியோடு நின்றார். டிரைலர் டிரைவர். பெயர் பொன்னுரங்கம். இவர்களைப் பார்த்துவிட்டு, ஓடிப்போய்க் கேபினிலிருந்து ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி வந்தார். அத்தாவுல்லா பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"இறங்காதீங்க பாய். இன்னும் ஒரே ஒரு மிதி. இந்த ஷூவைப் போட்டுக்கிட்டு."

"மேடம், வெளிய வெளிச்சம் கீது, டீக்கடை கீது..."

"ஒரே ஒரு மிதி."

முனகிக்கொண்டே போய், கால் நுழையாத ஷூவில் காலைத் திணித்து மிதித்தான். பிரேக் மட்டும் இறங்கியது.

"ஓங்கி."

ஓங்கினான். பிரேக் மட்டும்தான். ஷூவின் குறுகலான ஓரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இன்னும் இடம் இருந்தது. குதிகாலைத் திருப்பினால் மட்டும் தகடு எட்டியது.

அத்தாவுல்லா தலையை வெளியே நீட்டினான். "இது ரெஜி ஷூ."

"ஆமா. இந்த ஷூ இல்லாம இந்தக் காரைத் தொடமாட்டேன்னு என்கிட்டயே பெருமையாச் சொன்னார். இந்தக் காலுக்கு அந்தத் தகடு ஒண்ணும் பண்ணாது பாய். ரெஜியைக் கொல்ல வெச்ச பொறின்னா, ரெஜி மாட்டணும் இல்ல? அவர் காலை அளந்து தகடு வெச்ச டென்னிஸுக்கு இது தெரியாதா?"

"அப்போ இது பூட்ஸுக்கு வெச்ச பொறி."

"அன்னிக்குக் காலைல யார்டு ஷிப்ட் முடிச்ச பூட்ஸ் கால் இந்தக் காருக்குள்ள வரும்னு யாருக்குத் தெரியும்?"

அத்தாவுல்லா ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான். "சாவியக் குடுத்தவனுக்கு."

செங்கொடி பொன்னுரங்கத்திடம் கை நீட்டினாள். "சரக்கு பேப்பரைக் காட்டுங்கண்ணே."

'பழைய இயந்திர பாகங்கள்' என்று எழுதியிருந்தது. அனுப்புபவர்: ரெஜி. பதிவு செய்த நேரம்: இன்று காலை ஒன்பது மணி இரண்டு நிமிஷம். அவள் போன் செய்து, பெடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு அரை மணி நேரம் கழித்து. டென்னிஸ் மேல் பழி போட ஒரு ரிப்போர்ட் போதும் என்று அவளைக் கூப்பிட்டவன், அவள் பெடலையே அளக்க வருவாள் என்று நினைக்கவில்லை.

"நம்மகிட்ட கேஸு குடுத்தவனே நம்மள கப்பல் ஏத்தி கீறான்," என்றான் அத்தாவுல்லா. "எதுக்கு மேடம் அந்தப் புள்ளயப் போய்...?"

நேற்று நிதிஷின் மனைவி ஜோதிகா சொன்னது அப்போதுதான் செங்கொடியின் மனசில் போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. விபத்துக்கு முந்தின சாயங்காலம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. முதலாளி கெமிக்கல் டிரம்களைக் கழுவி முகத்துவாரத்துத் தண்ணீரில் விடுகிறார், மீன் செத்து மிதக்கிறது, போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், இன்றைக்கு ராத்திரியே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டு, நாளைக்குப் புகார் கொடுக்கப் போகிறேன் என்றான் நிதிஷ். வேலை போய்விடும், வேண்டாம் என்று அழுதாள் ஜோதிகா. அவன் சாப்பிடாமல் ஷிப்டுக்குப் போனான். திரும்பி வரவில்லை. புகாரும் போய்ச் சேரவில்லை.

பொன்னுரங்கத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் வெளுத்தது. "முதலாளி."

செங்கொடி வாங்கிக்கொண்டாள்.

"பொன்னுரங்கம், எங்கய்யா இருக்க? ஹார்பர் கேட்டுக்குள்ள போயிட்டியா?"

"இன்னும் இல்ல ரெஜி சார். நடுவுல ரெண்டு பேர் இறங்கணும்னாங்க."

அவள் அவனைப் பேச விடவில்லை.

"நீங்க கேட்ட ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. ஆதாரத்தையும் பத்திரமா நீங்களே பெட்டியில வெச்சுக் குடுத்திருக்கீங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட குடுத்துடட்டுமா?"

லைன் அறுந்தது. அவள் அடுத்த நிமிஷமே ரஹீமைக் கூப்பிட்டாள்.

ரெஜி ஓடவில்லை. மணலி புதுநகர் குடோனில் டிரம்களை லாரியில் ஏற்றி அப்புறப்படுத்திக்கொண்டிருந்தபோது, மூன்றரை மணிக்கு ரஹீம் அவனைப் பிடித்தார். ஜோதிகாவிடம் இருந்த நிதிஷின் பழைய போனில் அதே டிரம்கள், அதே குடோன், அதே முதலாளி. தகட்டை நகர்த்தியதை அவன் ஆறு மணிக்குள் ஒப்புக்கொண்டான்.

செங்கொடி ஆபீசுக்குப் போகவில்லை. அத்தாவுல்லாவைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரக்குப்பத்துக்குப் போனாள். படகுகள் கரையேறியிருந்தன. ஜோதிகா வாசலில் நின்றாள். உள்ளே, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தது நிதிஷின் அம்மா குப்பம்மா. நீ போட்ட சண்டையில்தான் என் பிள்ளை பாறையில் போய் விழுந்தான் என்று சொன்னதிலிருந்து அவள் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

செங்கொடி சுற்றி வளைக்கவில்லை. "உங்க வீட்டுக்காரர் வேகம் ஏத்தல ஜோதிகா. பிரேக்கைத்தான் மிதிச்சார். கடைசி வரைக்கும் பிரேக்கைத்தான் மிதிச்சார். வீட்டுக்கு வரணும்னுதான் பாத்தார்."

ஜோதிகா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று செங்கொடி எதிர்பார்த்தாள். அவள் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டாள்:

"இத்த எங்க அத்தைக்குக் கேக்கற மாதிரி இன்னொரு தபா சொல்றீங்களா?"

செங்கொடி பூட்ஸைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். குப்பம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் குப்பம்மா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். முழுசாகக் கேட்டாள். பிறகு எழுந்து போய், வாசலில் நின்றவளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அத்தாவுல்லா வெளியே மணலில் நின்று கடலைப் பார்த்தான்.